சம்பந்திக்கு வீசிய மாலை

என் ஒரே மகளின் கல்யாணத்தில் சம்பந்தியின் கழுத்தில் நான் மாலை போடவில்லை. வீசினேன். ஐந்தடி தூரத்திலிருந்து. இளரத்தத்தின் துடிப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு வயது ஐம்பத்தாறு.

காரணம் என் வலது தோள். தோளுக்குக் காரணம் மீன். மீனுக்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரர்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் ஊரைப் பார்க்கக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ஐஸ்பெட்டி தலைமைக் கணக்கருக்கு, பீங்கான் தட்டுகள் டைப்பிஸ்டுக்கு. ஸ்டோர்ஸில் இருந்த எனக்கு ஒரு நீளமான துணிப்பை. பிரித்தால் மூன்று துண்டு மூங்கில் கழி, ஒரு சக்கரம், ஒரு டப்பா நிறைய இறகு. இது பூச்சித் தூண்டில். புழு கிடையாது. இறகைப் பூச்சி மாதிரி முள்ளில் கட்டி, கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சாட்டைபோல ஓட்டி, பூச்சி தானாக வந்து தண்ணீர்மேல் உட்கார்ந்ததுபோல் இறக்க வேண்டும். கூடவே இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம். அதில் படங்களை மட்டும் பார்த்தே கற்றுக்கொண்டேன் (எழுத்தையும் படித்திருந்தால் தோள் தப்பியிருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்).

நாங்கள் மயிலாப்பூரில் சுத்த சைவக் குடும்பம். முட்டை ஓடுகூட வாசல் தாண்டி வந்ததில்லை. அதனால் ஞாயிறு காலைகளில் அடையாறு முகத்துவாரத்தில் பிடிக்கிற மீனை அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுவேன். பக்கத்தில் வீச்சுவலை போடும் ஏகாம்பரத்துக்கு இது பொறுக்கவே பொறுக்காது.

"இன்னா சார், நீ மீன் புடிக்கிறியா, பட்டம் வுடுறியா?"

"மீன்தாம்பா."

"புடிச்சுட்டு வுட்டுடறியே. அது போயி மத்த மீனுங்க கைல சொல்லிகினு திரியுது. என் வலைல ஒண்ணு வுயமாட்டேங்குது."

நான்கு வருஷம் இப்படி ஓடியது. ஐந்தாம் வருஷம் ஒரு நாள் பல்லவன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினேன். கை மார்போடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் சட்டை போடுவது ஒரு யுத்தம். தலை வாருவது இடது கையில். (அந்த வருஷம் எடுத்த படங்களிலெல்லாம் என் வகிடு தப்பான பக்கம் இருக்கும்.) லஸ் டாக்டர் தோளைத் திருகிப் பார்த்து, "உறைஞ்சு போயிருக்கு" என்றார். ஐஸ்பெட்டி கணக்கருக்குப் போயிற்று, உறைந்தது என் தோள். நொச்சி இலை ஒத்தடம், உப்பு ஒத்தடம், எதிர்வீட்டுக்காரர் கொடுத்த பெயர் தெரியாத பச்சைத் தைலம் என்று எல்லாம் செய்தாயிற்று. வீடே வைத்தியசாலை மாதிரி மணத்ததே தவிர கை ஒரு அங்குலம் ஏறவில்லை.

என் மனைவி விசாலாட்சி அதிகம் பேசமாட்டாள். தூண்டில் பையை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். "உங்க கை எப்ப இங்க எட்டுதோ அப்ப நீங்களே எடுத்துக்குங்க" என்றாள். இதைவிடச் சுருக்கமான தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் கோமதிக்கு வரன் குதிர்ந்தது. தி. நகரில் பாத்திரக்கடை, பூர்வீகம் திருநெல்வேலி, மாப்பிள்ளை பாங்கில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே கோமதி தலையை ஆட்டிவிட்டாள். எதற்கும் லேசில் தலையாட்டாத பெண். சம்பந்தி சங்கரலிங்கம் மட்டும்தான் இடித்தார். ஆறடி உயரம், மூக்குக்கண்ணாடி. நாங்கள் இரு கை கூப்பினோம். அவர் இடது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

"ஒத்தைக் கையில வணக்கம் வைக்கிறாரு மாமா. என்னா திமிரு" என்று கொதித்தான் என் மச்சான் தருமலிங்கம்.

போகிறபோது சம்பந்தியின் அக்கா என் மனைவியைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டுப் போனார்: "மரியாதையில மட்டும் கொறை வச்சிராதிய. போன வருசம் ஒரு எடத்துல வாசல்லயே தம்பி முறைச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டான். அந்தச் சம்பந்தமே போச்சு."

மாப்பிள்ளை அழைப்பில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு மாலை போட்டு வரவேற்க வேண்டும். அவர் ஆறடி. நான் ஐந்தடி நாலு. கை ஏறுவது மார்பு வரை.

"நான் போட்டுடறேன் மாமா" என்றான் தருமலிங்கம்.

"பெத்தவன் நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கறப்ப மாலை போட மச்சானா? கல்யாணத்துக்குள்ள கை சரியாயிடும்" என்றேன்.

உண்மையில் கொஞ்சம் சரியாகிக்கொண்டுதான் வந்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு கை காது வரை ஏறியது. அந்தக் காதைத் தொட்ட சந்தோஷத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. பெசன்ட் நகரில் நான்கு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. "நானே போய்ட்டு வரேன்" என்றேன். ஸ்டூல் போட்டு ஏறி, இடது கையால் தூண்டில் பையை இறக்கி, குடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் ஆற்றில் பத்து நிமிஷம், பிறகு பத்திரிகை என்று திட்டம்.

மூன்றாவது வீச்சில் கொடுவா கவ்வியது. அந்த ஆற்றில் அவ்வளவு பெரிய கொடுவாவை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை (ஏகாம்பரம் சாட்சி). அது கடலுக்குப் போகிறது, நான் மயிலாப்பூருக்கு இழுக்கிறேன். கரைக்குக் கொண்டுவந்து, முள்ளை எடுத்து, விட்டேன். விட்டபிறகு நிமிர்ந்து பார்த்தால் என் வலது கை யாரோ மாட்டிவிட்டுப் போன துண்டு மாதிரி தொங்கியது.

"அத்த வுட்டியா?" ஏகாம்பரம் மணலில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு நாளு கொயம்பு சார் அது."

"நான் சைவம் ஏகாம்பரம்."

"சைவம்னா இன்னாத்துக்கு மீனாண்ட மல்லுக்கட்ற? கை போச்சா?"

கல்யாணம், மாலை, ஆறடி எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். அவன் ஈர வலையைத் திரட்டி எடுத்தான். "தோ பாரு. நான் இம்மாம் கனத்த வீசறனே, தோள்லயா வீசறேன்? இடுப்பு சார். கைய வவுத்தோட வெச்சிக்க. இடுப்பத் திருப்பு, வுடு." வலை அரையடி உயரத்தில் கிளம்பி, வட்டமாக விரிந்து, தண்ணீரில் தாலிக்கொடி மாதிரி அழகாக இறங்கியது.

மீதி நாட்களை மொட்டைமாடியில் கழித்தேன். பழைய சைக்கிள் டயரை இடுப்பிலிருந்து வீசித் துணிக்கொடிக் கம்பத்தில் மாட்டுவது. முதல் நாள் பத்துக்கு ஒன்று. மூன்றாம் நாள் பத்துக்கு ஒன்பது. தருமலிங்கம் ஒரு தடவை மேலே வந்து பார்த்துவிட்டு, "மாமா, கல்யாணக் கவலையா?" என்று மட்டும் கேட்டு இறங்கிப் போனான்.

மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் நாகஸ்வரம், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். சம்பந்தி காரிலிருந்து இறங்கி நேராக வந்து நிமிர்ந்து நின்றார். குனிவதாக உத்தேசமே இல்லை. என் கையில் மாலையைக் கொடுத்தார்கள். ரோஜாவும் சம்பங்கியும் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஏகாம்பரத்தின் வலைக் கனம். மெல்லத் தூக்கிப் பார்த்தேன். மார்பில் நின்றது. இன்னொரு தடவை. மார்பு. சம்பந்தியின் அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாகக் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அன்று காலை முதல் இருந்த சிரிப்பு இல்லை.

இரண்டடி பின்னால் போனேன். கையை வயிற்றோடு வைத்தேன். இடுப்பைத் திருப்பினேன். விட்டேன்.

நான் பெருமைக்காகச் சொல்லவில்லை (பெருமைக்காகத்தான் சொல்கிறேன்). அப்படி ஒரு வீச்சை என் வாழ்நாளில் வீசியதில்லை. மாலை வட்டமாக விரிந்து, எழும்பி, சம்பந்தியின் தலைக்கு மேல் ஒரு விநாடி யோசித்து, இரு தோளிலும் சமமாக இறங்கியது. ஒரு இதழ் உதிரவில்லை. ஆனால் துணிக்கொடிக் கம்பத்துக்கு மூக்குக்கண்ணாடி கிடையாது. அந்த விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மாலையின் அடியில் தொங்கிய குஞ்சம் சுழன்று வந்து சம்பந்தியின் கண்ணாடியைத் தட்டியது. கண்ணாடி பறந்து சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது.

நாகஸ்வரம் நின்றது. தவில் மட்டும் விஷயம் தெரியாமல் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றது.

"என்னது இது? எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட இப்படிக் கயிறு வீசமாட்டாவ" என்றார் அக்கா.

நான் மண்டபப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோமதியைப் பார்க்கத் தைரியமில்லை. சம்பந்தி சந்தனம் வழியும் கண்ணாடியை வாங்கி, துடைத்து, மாட்டி, என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து எனக்குப் போட வேண்டிய மாலையை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார். மாலை என் மார்புக்கு நேராக வந்தது. நின்றது. அவர் முகம் கோணியது. மறுபடி தூக்கினார். அதே இடத்தில் நின்றது. அவர் என்னைவிட எட்டு அங்குலம் உயரம், மாலை ஏறவில்லை.

குனிந்து என் காதில் கேட்டார்: "வலது தோளா?"

"ஆமாங்க."

"எனக்கும் அதுதான். ரெண்டு வருசமா. எதனால வந்தது உங்களுக்கு?"

அந்த நேரத்தில் பொய் வரவில்லை. "தூண்டில் வீசி."

"நானும் கொக்கிக் கம்புதான். கடையில மேல்தட்டுல தொங்குற தூக்குவாளியெல்லாம் முப்பது வருசமா எறக்குறேன். நீங்க மீனு, நான் தூக்குவாளி." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "கடையில பயலுவளுக்குத் தெரிஞ்சா மதிக்கமாட்டானுவன்னு வீட்டுலகூட மூச்சு விடலை. போன வருசம் ஒரு எடத்துல வாசல்ல நிறுத்திச் சிதறுகாய் போடச் சொன்னான். எப்படிப் போட? கோவப்பட்ட மாதிரி திரும்பிட்டேன்."

அந்த ஒற்றைக் கை வணக்கத்தின் கதையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சம்பந்தி, மாலைய அப்படியே விரிச்சுப் பிடிங்க" என்றேன். குனிந்து, நுகத்தடியில் மாடு தலை கொடுக்கிற மாதிரி, நானே மாலைக்குள் நுழைந்து நிமிர்ந்தேன். அவர் சிரித்தார். ஆறடி ஆளுக்குப் பொருத்தமான சிரிப்பு. வாசல் வரை கேட்டது. அக்கா நாகஸ்வரக்காரரைப் பார்த்து, "என்ன வேடிக்கை? ஊதுங்க" என்றார். தூண் பக்கம் திரும்பினேன். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை.

அதன் பிறகு ஐந்தாறு வருஷம் நானும் சம்பந்தியும் சைதாப்பேட்டையில் ஒரே வைத்தியரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம், பக்கத்துப் பக்கத்துப் பலகையில். கை இன்றைக்குக் காதைத் தாண்டிவிட்டது. பரண் எட்டுகிறது.

போட்டோக்காரர் சரியான விநாடியில் படம் எடுத்துவிட்டார். மாலை ஆகாயத்தில் இருக்கிறது. அந்தப் படம் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அவர்தான் காட்டுவார், "அந்த இடுப்பப் பாருங்க" என்று. படத்தில் எல்லோரும் மாலையைப் பார்க்கிறார்கள். விசாலாட்சி மட்டும் என் கையைப் பார்க்கிறாள்.

கல்யாணம் முடிந்து, பந்தல் பிரிக்கும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, பெசன்ட் நகர்லேருந்து ஒருத்தர்கூட வரலியே?"

குடைக்குப் பக்கத்தில் என் தூண்டில் பை. பைக்குள் மஞ்சள் தடவிய நான்கு பத்திரிகை, கொஞ்சம் மணலோடு.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எங்கேயோ போய்விட்டு வேறெங்கேயோ போனதாகச் சொன்னால், "பெசன்ட் நகரா?" என்றுதான் கேட்பார்கள். என் பேரன்கூடக் கேட்கிறான். அந்த நான்கு வீட்டாரும் என்னோடு பேசப் பல வருஷம் ஆயிற்று. எல்லோரும் என்னை எது எதற்கோ குறை சொல்லியிருக்கிறார்கள். வீச்சில் குறை என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை.