கெட்டிமேளத்துக்குச் சீட்டு இல்லை

ஏழு மலைகளையும் எழுபது சுங்கச் சாவடிகளையும் தாண்டினால் வருவது செவிநாடு. அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் மைதானத்தில் கூட்டி, "இவரே நீடிக்கட்டும் என்போர் 'ஆம்' என்க" என்று அமைச்சர் முழங்குவார். முழங்கிய கையோடு விரலை ஆட்டுவார். நூறு தவில்கள் கெட்டிமேளம் கொட்டும். யார் சொன்னார், யார் சொல்லவில்லை என்று ஒருவர் காதிலும் விழாது. பக்கத்திலிருப்பவர் சொல்லியிருப்பார் என்று நம்பிக்கொண்டு ஆளாளுக்கு வீடு திரும்புவார்கள். மாமன்னர் எழிற்செவியர் இப்படியே நான்கு முறை வென்றிருந்தார்.

வென்றவரால் சும்மா இருக்க முடியவில்லை. நாட்டிலுள்ள ராகம், தாளம், தாலாட்டு அனைத்தும் அரண்மனைச் சொத்து என்று ஆணையிட்டார். இசைக்க வேண்டுமானால் இசைவுச் சீட்டு வாங்க வேண்டும். இந்தச் சொல்நயத்துக்காக அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விதிவிலக்கு யாருக்கும் இல்லை, அரண்மனைக்கும் இல்லை என்று மன்னரே கைப்பட எழுதிச் சேர்த்தார். அடுத்து, திருமணத்தைப் படம்பிடித்து ஒப்படைக்காவிட்டால் அது செல்லாது என்று இன்னொரு ஆணை. மேளம் படத்தில் பதியத் தனிச் சீட்டு. பதிந்ததை வீட்டில் இரண்டாம் முறை கேட்க மற்றொன்று.

கல்யாண வீடியோ எடுக்கும் மாசிலாமணிக்கு இதெல்லாம் ஊரார் தலைவலியாகத்தான் இருந்தது, தன் மகள் அல்லியின் முகூர்த்தம் வரும் வரை. இசைவு அதிகாரி பராங்குசம் மனுவைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

"கெட்டிமேளம் எந்த ராகத்தைச் சார்ந்தது?"

"ராகமெல்லாம் இல்லீங்கய்யா. தாலி கட்டுற நேரத்துல தும்மலோ ஆகாத பேச்சோ காதுல விழக்கூடாதுன்னு கொட்டுறது."

"அப்படியானால் அது இசையா, ஓசையா என்பதை ஒரு குழு ஆராய வேண்டும். பன்னிரண்டு நாள்கள் ஆகும்."

"நாளன்னிக்குக் காலையில முகூர்த்தமுங்க."

"முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கவும் படிவம் இருக்கிறது" என்றார் பராங்குசம் பெருந்தன்மையோடு.

மாசிலாமணி தள்ளிவைக்கவில்லை. தவில்காரர் கோடையிடி உறை பிரிக்காத தவிலோடு வந்து உட்கார்ந்தார். பெரியவர் ஒருவர் பழக்கதோஷத்தில் "கெட்டிமேளம்" என்று விரலை ஆட்டினார். மண்டபமே வாய்பொத்தி நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா தும்மினார். அதையடுத்து, அல்லியின் அத்தை செங்கமலம் பக்கத்துக்காரியிடம் கிசுகிசுத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

"தேர்தல்ல நான் 'ஆம்'னே சொல்லலடி. நீ சொன்னியா?"

"நானா? நீ சொல்லிருப்பேன்னுல்ல நெனச்சேன்."

நானும் சொல்லலியே என்றது ஒரு குரல். நானும், நானும் என்று அது சமையற்கட்டு வரை போயிற்று. அல்லி சிரித்துவிட்டாள், சிரிப்புக்கு நடுவே தாலி ஏறியது.

மாசிலாமணி மட்டும் கேமராவைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேச்சும் கேமராவில் பதிந்திருந்தது. ஒப்படைத்தால் சிறை, ஒப்படைக்காவிட்டால் மகளின் கல்யாணம் செல்லாது. வெட்டி எடுக்கலாமென்றால் வெட்டவும் சீட்டு வேண்டும். ஆனது ஆகட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தார். பெற்ற மனம் வேறென்ன செய்யும்?

பராங்குசம் படத்தை முழுதும் கேட்டார். அவருடைய வேலை இசை இருக்கிறதா என்று கேட்பது. பேச்சு அவர் துறை அல்ல. "ஒரு துளி மேளமில்லை. முன்மாதிரித் திருமணம்" என்று முத்திரை குத்தினார். கல்யாணம் செல்லுபடியானது. மக்கள் பார்த்துத் திருந்தும்பொருட்டு அந்தப் படத்தை எல்லா ஊர்ச் சந்தியிலும் திரையிடவும் உத்தரவிட்டார். மக்கள் பார்த்தார்கள். பிடித்துப்போய் மறுபடியும் பார்த்தார்கள்.

ஐந்தாம் தேர்தல் வந்தது. மாமன்னர் மாலையோடு மேடையேறினார். அமைச்சர் கேட்க வேண்டியதைக் கேட்டு, விரலை ஆட்டினார். நூறு தவில்களும் உறைக்குள்ளேயே இருந்தன. அமைச்சர் இன்னும் வேகமாக ஆட்டினார்.

முன்வரிசையிலிருந்து கோடையிடி எழுந்து கைகூப்பினார்.

"சீட்டு எங்கீங்கய்யா? அரண்மனைக்கும் விதிவிலக்கு இல்லேன்னு மன்னரே எழுதியிருக்காரு."

அமைச்சர் பராங்குசத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாள்கள் ஆகும் என்றார் பராங்குசம்.

மைதானத்தில் ஒரு லட்சம் பேர் நின்றிருந்தார்கள். ஒரு 'ஆம்' கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா தும்மியது மட்டும் மேடைவரை தெளிவாகக் கேட்டது. மாசிலாமணியின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.