தங்கச்சாமி கடைச் சால்னாவும் ஒரு தூக்குவாளியும்

பிளாஸ்டிக்கை ஒழிக்கத்தான் அப்படிச் செய்ததாக என் மனைவி வள்ளித்தாய் சொல்கிறாள். பல வருடமாக எனக்கு அதில் சந்தேகம். என் மேலும் சந்தேகம்தான். நல்ல காரியத்தையே சந்தேகப்படுகிற அற்பனா நான்?

இரண்டாயிரத்து இரண்டில் எனக்குச் சர்க்கரை வந்தது. பரோட்டா போனது. அதாவது, வீட்டில் போனது. அச்சாபீஸ் வேலை முடிந்து நாரணாபுரம் திரும்பும் வழியில் தங்கச்சாமி கடையில் பொரிச்ச பரோட்டாவும், பிளாஸ்டிக் கவரில் நூல் சுற்றிய சால்னாவும் வாங்குவேன். கடையில் உட்கார்ந்தால் ஊரே பார்க்கும். அதனால் வள்ளிக்குத் தெரியாமல் எங்கள் மொட்டைமாடியில் சாப்பாடு. பரோட்டாவை நான் தின்பேன். இலையை ஆடு தின்னும். கவரைத் தின்ன ஆளில்லை. தெருவில் வீசவோ மனசாட்சி விடவில்லை.

ஆகவே ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன்.

“வள்ளி, இனிமே வீட்டுல பிளாஸ்டிக் என் பொறுப்பு. கழுவிக் காயவச்சு, பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர்கிட்ட குடுப்பேன். உருக்கிக் குடமாக்குவாங்க. குடம் உடைஞ்சா மறுபடி உருக்குவாங்க. வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கும்.”

அத்தனை பால் கவருக்கு நடுவே சால்னா கவரை யார் கண்டுபிடிப்பார்கள்?

“நல்ல காரியம்ங்க” என்றாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

கவர் கழுவிக் கழுவி என் கை வெளுத்தது. கொடியில் என் வேட்டிக்கு இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொடியிலிருந்து ஒரே ஒரு கவரை மட்டும் எடுத்து முகர்ந்தாள்.

“என்னங்க, இதுல சோப்பு போட்டும் எண்ணெய் போகலையே?”

“ஊறுகாய் கவரா இருக்கும்.”

“ஊறுகாய்ல பட்டை, கிராம்பெல்லாமா போடுதாக?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“எண்ணெய்க் கவரை அந்த ஆளு எடுக்க மாட்டாராம். கேட்டுட்டேன். பொறவு ஒங்க வட்டம் எங்கன சுத்தும்?”

“அதுக்கு என்ன செய்ய?”

“கவரே வரக்கூடாது. வீட்டு ஏனம் பாத்திரம் போகணும், ஏனம் வரணும். கவலைப்படாதீக, நான் பாத்துக்கிடுதேன்.”

அந்த வாரமே தங்கச்சாமி கடையில் ஒரு கம்பி முளைத்தது. அதில் வரிசையாகத் தூக்குவாளிகள். ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரியின் பெயர் வெட்டியிருந்தது.

“அண்ணாச்சி, மதினியும் மகளிர் குழுவும் வந்து பேசிட்டாக. இனிமே கவர் கெடையாது. அவுகவுக வீட்டுத் தூக்குலதான் சால்னா. தூக்கு திரும்பி வந்தாத்தான் அடுத்த சால்னா” என்றான் தங்கச்சாமி.

“சரிப்பா. எங்க வீட்டுத் தூக்குல ஊத்து.”

தங்கச்சாமி கம்பியைப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

“அதுல இப்பத்தான் மதினி சால்னா வாங்கிட்டுப் போறாக. கெட்டியா ஊத்தச் சொன்னாக. பரோட்டாவும் வாங்குனாக. ஒங்களுக்குத்தான்னு நெனச்சேன்.”

வீட்டில் எனக்குக் கேப்பைக்களி காத்திருந்தது. தூக்குவாளி கழுவிக் கவிழ்த்திருந்தது.

“யாராச்சும் தொடங்கி வச்சாத்தானங்க பிளாஸ்டிக் ஒழியும்” என்றாள் வள்ளி. பின்னாலேயே ஒரு ஏப்பம் வந்தது.

தெருவில் சால்னா கவர் ஒழிந்தது உண்மை. சாக்கடை அடைக்காமல் ஓடுவதும் உண்மை. இதை எப்படிக் குறை சொல்ல? ஆனாலும் மனம் அடங்கவில்லை. நேற்று அவளை நேருக்கு நேர் உட்காரவைத்தேன். பிளாஸ்டிக்குக்காகத்தான் செய்தாயா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

“உண்மையச் சொல்லு வள்ளி. அன்னைக்குச் சால்னா எப்படி இருந்துச்சு?”