சீட்டுக்கு அடியில் ஒரு செல்போன்

மாடி வீட்டு ரஞ்சன் புது பைக் வாங்கி வந்த அன்று கீழ் வீட்டுப் பத்மநாபனுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. மோர் குடித்தார். மாத்திரை போட்டார். வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் குடித்தார். எரிச்சல் அடங்கவில்லை. அடங்குகிற இடத்தில் அது இல்லை. அது வாசலில், அவருடைய பழைய பைக்குக்குப் பக்கத்தில், ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது.

செகந்திராபாத் லோத்குண்டாவில் அந்த வீட்டு வாசல் இரண்டு வண்டிகள் நிற்கிற அளவுதான். ரஞ்சனின் பைக் யானைக் கன்று மாதிரி நின்றது. பத்மநாபனின் பைக் அந்த யானைக் கன்றைப் பார்க்க வந்த ஆடு மாதிரி நின்றது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கோலம் போட வந்த அவர் மனைவி ஹம்சா, புது பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "எவ்ளோ ஜோரா இருக்கு ரஞ்சன்!" என்றாள்.

ஹம்சா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். போலாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அவள் வாயிலிருந்து "நக்கோ" சுலபமாக வரும். "நக்கோ" என்றால் வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து பத்மநாபன் எதைச் சொன்னாலும் அவருக்குக் கிடைத்தது "நக்கோ". மிச்சமெல்லாம் நக்கல். "ஜோர்" என்கிற சொல் அவளிடம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அக்கா, இதுல போன் சார்ஜ் பண்ணலாங்க. மேப் பாக்கலாங்க. சைடுல ரெண்டு பொட்டி மாட்டிட்டா லடாக் வரைக்கும் போலாங்க" என்றான் ரஞ்சன். கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி. கம்பெனியில் வேலை. பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். மரியாதை சொட்டச் சொட்டப் பேசுவான். அதுவும் பத்மநாபனுக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம வண்டியிலயும் இதெல்லாம் பண்ணலாம்" என்றார் உள்ளே வந்ததும்.

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியில."

"அது ஸ்டார்ட் ஆகறதுக்கே நீங்க குதிக்கணும். அதுல லடாக்கா?"

"மனசு வெச்சா முடியும். செலவே கிடையாது. வீட்ல இருக்கற சாமான் போதும்."

"அதைவிட எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கினா நான் ஸ்கூலுக்குப் போய்ட்டு வருவேன். போலாரத்துக்கு ஷேர் ஆட்டோல எலும்பு எலும்பா கழண்டு போகுது."

"ஸ்கூட்டி என்னத்துக்கு? நான் மாடிஃபிகேஷன் பண்ணினதுக்கப்புறம் நீ ஸ்கூட்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டே."

மாடிக்காரன் மேலிருந்த பொறாமையில் பிறந்ததால் அதற்கு மாடிஃபிகேஷன் என்பது மிகப் பொருத்தமான பெயர்.

பத்மநாபனுக்கு ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் திரும்புவார். வாரம் முழுவதும் பைக் வாசலில் சும்மா நிற்கும். பஸ்ஸில் போகிற நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தார். ஷாம்பு பாட்டிலில் போன் ஸ்டாண்டு. பிளாஸ்டிக் பைப்பில் டூல் பாக்ஸ். எவனோ ஒருவன் ஊறுகாய் ஜாடியில் ஹெட்லைட்டே செய்திருந்தான்.

அதன் பிறகு வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

"குக்கர் கேஸ்கெட் எங்க?"

"போன் ஹோல்டர்ல. அதிராம இருக்கணுமில்ல?"

"சோப்பு டப்பா?"

"அதுதான் ஹோல்டர்."

"மாவு டின்?"

"சைடு பாக்ஸ். கறுப்புப் பெயின்ட் அடிச்சுட்டேன். இப்பப் பாரு, ராணுவ வண்டி மாதிரி இருக்கா இல்லையா?"

"மாவு மில்லுக்குப் போற வண்டி மாதிரி இருக்கு. பாத்ரூம் மிதியடியைக் காணோமே?"

"மட்கார்டு."

"நான் தலை வெச்சுப் படுக்கற தலகாணி?"

பைக் சீட் இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது.

தீபாவளிக்கு வாங்கிய சீரியல் விளக்குகளை டேங்கைச் சுற்றி ஒட்டினார். பழைய ஆட்டோவிலிருந்து கழற்றிய ஹாரன் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். எந்த வயர் எதனோடு சேர வேண்டும் என்பதில் வீடியோக்காரனுக்கும் பைக்குக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. பத்மநாபன் இரண்டு பேருக்கும் நடுவில் சமரசம் செய்து, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹம்சாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வேண்டுமென்றே ரஞ்சனின் ஜன்னலுக்கு நேராக ஆக்ஸிலரேட்டரைத் திருகினார்.

போலாரம் வரை ஒன்றும் ஆகவில்லை. அங்கே ராணுவக் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே சாலை சற்று இறங்கும். குறுக்கே ஒரு மாடு வந்தது. பத்மநாபன் பிரேக் பிடித்தார்.

ஹாரன் அலறியது. டேங்கைச் சுற்றி விளக்குகள் பச்சையும் சிவப்புமாக ஓடின.

"ஹாரனை நிறுத்துங்க!"

"நான் அடிக்கல!"

"பின்ன யாரு, நானா?"

பிரேக் வயரும் ஹாரன் வயரும் டேப்புக்குள் சம்பந்தி ஆகியிருந்தன. பிரேக்கை விட்டால் வண்டி இறக்கத்தில் உருளும். விடாவிட்டால் ஹாரன் நிற்காது. மாடு மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. கேட்டில் நின்ற சிப்பாய் துப்பாக்கியோடு அருகில் வந்து, ஹாரனை நிறுத்தச் சொல்லி, "பந்த் கரோ!" என்றார்.

"ஹோ நஹி ரஹா!" என்று நிறுத்த முடியாததைச் சொன்னார் பத்மநாபன், கண்ணில் நீர் வராத குறையாக.

சிப்பாய் மாவு டின்னைத் தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும் சந்தேகம் அதிகமாகித் திறக்கச் சொன்னார். அதற்குள் டேப்பிலிருந்து புகை வந்தது. ஹாரன் ஒரு விக்கல் விக்கி நின்றது. கூடவே வண்டியும் நின்றது.

அந்த நேரத்தில்தான் அந்த வழியாக வர வேண்டுமா ரஞ்சன்? வந்தான்.

"அண்ணா, என்னாச்சுங்க? நான் தள்ளி விடட்டுங்களா?"

"ஒண்ணும் வேணாம். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்."

"அப்ப அக்காவை வீட்ல விட்டுடறனுங்க. வெயில்ல நிக்கறாங்க."

நக்கோ என்று ஹம்சா சொல்லப்போகிறாள் என்று பத்மநாபன் எதிர்பார்த்தார். இத்தனை வருஷம் அவரிடம் சொன்ன நக்கோக்களில் ஒன்றை இவனிடம் சொல்லக் கூடாதா? அவள், "ஹவ், சரி, போலாம்" என்று சொல்லி, சுடிதார் துப்பட்டாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு யானைக் கன்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பைக் சத்தமே இல்லாமல் போயிற்று. பத்மநாபன் மாவு டின்னோடு வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அவருடைய பொறாமைக்கு இரண்டு சக்கரம் முளைத்தது. முன் சக்கரம் ரஞ்சனின் பைக். பின் சக்கரம் ஹம்சா. ஏனென்றால் வீட்டுக்கு வந்த ஹம்சா திட்டவில்லை. சாப்பாடு போடும்போது ஏதோ யோசித்துச் சிரித்துக்கொண்டாள். மறுநாள் பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூடப் பாடினாள்.

"என்ன, ரொம்ப குஷியா இருக்கே?"

"கைக்கு? ஏன், இருக்கக் கூடாதா?"

"ரஞ்சன் வண்டி எப்படி இருந்தது?"

"நல்லா யோசிக்க வெச்சுது" என்றாள் ஹம்சா.

யோசிக்க வைத்ததாம்! தலையணை வைத்துத் தைத்த சீட்டில் உட்கார்ந்து அவள் ஒரு தடவையாவது யோசித்திருப்பாளா? ரஞ்சனுக்குப் பாதி நாள் பகலில் வீடு. ஹம்சாவின் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். தானோ ராமச்சந்திராபுரத்தில். இந்தக் கணக்கு அவருக்கு எப்படிப் போட்டாலும் தப்பாகவே வந்தது.

எரிந்த வயரை மாற்றி வண்டியை ஓட வைத்த பிறகு, கடைசியாக ஒரு மாடிஃபிகேஷன் செய்தார். திரை உடைந்த பழைய செல்போன் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் சிம் போட்டு, வண்டி எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பை ஏற்றி, பைக் சீட்டுக்கு அடியில் கட்டினார். ஹம்சாவுக்கும் ரஞ்சனுக்கும் கேட்கும்படி வாசலில் நின்று உரக்க விளக்கினார்.

"திருட்டுத் தடுப்பு. வண்டி ஒரு அடி நகர்ந்தாலும் ஆபீஸ்ல உட்கார்ந்து எனக்குத் தெரிஞ்சுடும். எங்க போனாலும் பின்னாலயே வந்து பிடிச்சுடுவேன்."

"சூப்பருங்கண்ணா!" என்றான் ரஞ்சன்.

"எங்க போனாலும் வந்துடுவீங்களா?" என்று கேட்டாள் ஹம்சா.

"எங்க போனாலும்!"

"ஆபீஸ் நேரத்துலகூட?"

"லீவு போட்டுட்டு வருவேன்!"

ஹம்சா தலையாட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், கேன்டீனில் தயிர்சாதத்தில் கை வைத்தபோது பத்மநாபனின் போன் கீச்சிட்டது. திரையில் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. லோத்குண்டாவை விட்டு, பிரதான சாலைக்கு வந்து, நிதானமாகப் போயிற்று. ஹம்சாவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ரஞ்சனைக் கூப்பிட்டார். அவனும் எடுக்கவில்லை.

இரண்டு பேரும் எடுக்கவில்லை!

வண்டி திருடு போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வண்டியை யாரும் திருட மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். ரஞ்சன்தான். என் வண்டியில், என் தலையணை மேல், என் பெண்டாட்டியோடு! அவனுக்குத்தான் சொந்தமாக ஒரு யானை இருக்கிறதே, என் ஆடு எதற்கு? கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் லீவு எழுதிக் கொடுத்தார். இருபது வருஷத்தில் அவசர லீவு போடாத மனிதர் போடுகிறாரே என்று மேலதிகாரி பதறி, "ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

"எனக்குத்தான் சார்" என்றார் பத்மநாபன்.

தொழிற்சாலை வாசலில் பைக் டாக்ஸிக்காரப் பையன் ஒருவன் கிடைத்தான்.

"கிதர் ஜானா சார்?"

"இந்தப் புள்ளி எங்கே போகுதோ அங்கே" என்று ஹிந்தியில் சொல்லி, திரையைக் காட்டினார். "என் பைக். யாரோ எடுத்துட்டுப் போறான்."

பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எப்படிப்பட்ட பைக் என்று கேட்டான். பத்மநாபன் சோப்பு டப்பா, மாவு டின், மிதியடி, சீரியல் விளக்கு எல்லாவற்றையும் சொன்னார். பையன் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு திரும்பி, "கைக்கு சார்?" என்றான். திருடன் எதற்காக எடுத்தான் என்று கேட்கிறானா, நீ எதற்காகத் துரத்துகிறாய் என்று கேட்கிறானா என்று அவருக்குப் புரியவில்லை.

ஊரின் மேற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்கு அத்தனை தூரமும் பத்மநாபன் வசனம் ஒத்திகை பார்த்தார். ரஞ்சனிடம் என்ன சொல்வது, ஹம்சாவிடம் என்ன சொல்வது. பாதி வழியில் கோபம் தீர்ந்து பயம் வந்தது. அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டால்? உங்களோடு எனக்கு அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? அந்த இடத்துக்கு அவரிடம் வசனமே இல்லை.

புள்ளி ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. பைக் டாக்ஸி அங்கே போய்ச் சேர்ந்தபோது, எதிரே கண்ணாடிச் சுவர் போட்ட இரு சக்கர வாகன ஷோரூம். வாசலில் அவருடைய பைக். உள்ளே நாற்காலியில், டீ குடித்துக்கொண்டு, ஹம்சா. தனியாக.

"வந்துட்டீங்களா? டீ சொல்லட்டுமா?" என்றாள்.

"ரஞ்சன் எங்க?"

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கிட்டிருப்பான் பாவம். அவன் எதுக்கு?"

"அப்ப வண்டியை யார் ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பா வண்டியில கத்துக்கிட்டது. லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சு. போன வருஷம் புதுப்பிச்சேன். ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் நீங்க வீடியோ பாத்துட்டிருந்தீங்க."

பத்மநாபனுக்கு நாற்காலி தேவைப்பட்டது. ஷோரூம்காரர் கொண்டுவந்து போட்டார். ரஞ்சன் இல்லை. எங்கேயும் இல்லை. தூங்குகிறான்! அந்த நிமிஷம் யார் எதை நீட்டினாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஹம்சா நீட்டினாள்.

"இது என்ன?"

"பழசைக் கொடுத்துட்டு ஸ்கூட்டி எடுக்கறேன். என் சம்பளத்துல. பழைய வண்டி உங்க பேர்ல இருக்கே, நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். ஒரு நாள் லீவு போட்டு என்கூட வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? லீவு இல்லை, லீவு இல்லைன்னீங்க. அப்பதான் நீங்களே வழி சொன்னீங்க. வண்டி எங்க போனாலும் வருவேன்னு."

"நீ போன்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா? அந்த ஓட்டை போனுக்குக் காலையில நான்தான் சார்ஜ் போட்டேன். இல்லேன்னா பாதி வழியில உங்க புள்ளி அணைஞ்சிருக்கும்."

பத்மநாபன் பேனாவை வாங்கினார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார். "அன்னிக்கு அவன் வண்டியில போனப்ப என்ன யோசிச்சே?"

ஹம்சா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எனக்கும் பொறாமைதான். அவன் மேல இல்லை, உங்க மேல இல்லை. முன்னாடி உக்காந்து ஓட்டறவங்க எல்லார் மேலயும். எவ்ளோ நாள் ஒருத்தர் முதுகையே பாத்துட்டுப் போறது?"

பத்மநாபன் கையெழுத்துப் போட்டார்.

ஷோரூம்காரர் பழைய பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

"இந்தச் சாமானெல்லாம் கழட்டினாத்தான் வண்டியை எடுப்பாராம்" என்று ஹம்சா மொழிபெயர்த்தாள். கைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள். "தலகாணியைப் பாத்துக் கிழிங்க. பஞ்சு வேணும்."

வெயில் தாழ்ந்த நேரத்தில் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஹம்சா ஓட்டினாள். பத்மநாபன் பின்னால், மடியில் மாவு டின்னும், டின்னுக்குள் கேஸ்கெட்டும், கக்கத்தில் தலையணையுமாக உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிரேக் பிடித்தால் நின்றது. ஹாரன் அடித்தால் மட்டும் ஹாரன் அடித்தது. போன் சார்ஜ் பண்ண ஓட்டை இருந்தது. அவர் அந்த ஓட்டையை எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஹம்சா, நாளைக்கு நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

"வண்டியில ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

சிக்னலில் நின்ற அத்தனை வண்டிக்காரர்களும் பார்க்க, பத்மநாபன் மாவு டின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஹம்சா சத்தியத்தை வாங்கிக்கொண்டாள். சாவியைத் தரவில்லை.