கடைக்குட்டியைக் காணோம்

கூண்டின் மூடி ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. உள்ளே மரத்தூள் இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, பாதி கொறித்த தீனி இருந்தது. எலி மட்டும் இல்லை.

"போச்சு! குடியே முழுகிப் போச்சு!" என்று எலியக்கா மரத்தூளை இரண்டு கையாலும் வாரி இறைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலியக்கா என்றுதான் பெயர். காரணம், பிள்ளையைப் பார்ப்பதுபோல் எலிகளைப் பார்ப்பாள். சும்மா ஒன்றும் இல்லை. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஹீமோகுளோபின் தயாரிக்க ஒரு ஜீன் உண்டு. பிறந்து சில மாதத்தில் அது கடையைக் கட்டிவிடும், பெரியவர்களுக்கான ஜீன் பொறுப்பேற்கும். அந்தப் பெரிய ஜீன் பழுதாகப் பிறந்த பிள்ளைகள் காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். சிசு ஜீன் அணையாமல் இருந்தால் அதுகள் எழுந்து ஓடியாடும். அணையாமல் வைப்பது எப்படி? அதைக் கண்டுபிடிக்கத்தான் மனிதனின் சிசு ஜீனை அதன் சுவிட்சோடு எலிக் கருவுக்குள் வைத்து, சுவிட்சை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலி வளர்ந்ததும் ஜீன் அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதே கதை. கடைக்குட்டி என்று அவள் செல்லப் பெயர் வைத்த ஒரே ஒரு எலியில் மட்டும் போன வாரம் மினுக் மினுக்கென்று எரிந்தது. அதைப் பார்க்கத்தான் இன்றைக்கு மேலிடத்து அதிகாரி வருகிறார். திருப்தி இல்லையென்றால் எலி அறைக்குப் பூட்டு, எலியக்காவின் வேலைக்கும் பூட்டு.

போன் அடித்தது. கணவன்.

"நீ வீட்டுல விட்டுட்டுப் போன பைக்குள்ள இருந்து வெள்ளையா என்னவோ ஓடுச்சு. அம்மா கட்டில் மேல ஏறி நிக்கறாங்க."

எலியக்காவுக்கு நேற்று சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கூண்டைத் திறந்து வைத்திருந்தபோது இதே மனுஷன்தான் போன் போட்டு வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டான். பையைத் துழாவிக்கொண்டே பதில் சொல்லி, அப்படியே கிளம்பிவிட்டாள்.

"அடிச்சிடாதீங்க! அதை அடிச்சா என்னை அடிச்ச மாதிரி!"

"நான் அடிக்கல. அம்மா கையில துடைப்பம் இருக்கு."

"துடைப்பத்தைப் பிடுங்குங்க! டப்பாவில ஓட்டை போட்டு, பிடிச்சு, ஓடி வாங்க!"

"டப்பாவில போடற ஓட்டை வழியா வெளிய வந்துடாதா?"

"சின்ன ஓட்டை! என் ராசா இல்ல, சீக்கிரம்!"

அதிகாரி மதியம்தான் வருவார், அதற்குள் சமாளித்துவிடலாம் என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சை இழுப்பதற்குள் கதவு திறந்தது. அவளுடைய மேலதிகாரி மேடம் எட்டிப் பார்த்தார். எதற்கும் பரவசப்படுகிற பெண்மணி.

"வந்துட்டார்! சீக்கிரமே வந்துட்டார்! நம்ம மேல அவ்வளவு ஆர்வம்! கடைக்குட்டியை எடு!"

கதவு மூடியது. எலியக்கா பக்கத்துக் கூண்டைப் பார்த்தாள். கடைக்குட்டியின் அண்ணன் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. அதே வெள்ளை, அதே சிவப்புக் கண். ஜீன் மட்டும் ஏறவில்லை. பார்க்கத்தானே வருகிறார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒரு சிக்கல். ஜீன் ஏறிய எலிக்கு அடையாளமாக வலது காதில் ஓட்டை போடுவார்கள். அண்ணனின் காது முழுசாக இருந்தது.

"கோவிச்சுக்காதடா தங்கம்," என்று காது குத்தும் இடுக்கியை எடுத்தாள். டக்!

அண்ணன் கோபித்துக்கொண்டது. திரும்பி, கையுறையோடு சேர்த்து அவள் இடது கட்டைவிரலில் பல்லை இறக்கியது.

"ஆ! படுபாவி!"

கையுறை மாற்றக்கூட நேரம் கிடைக்கவில்லை. மேடமும் அதிகாரியும் உள்ளே வந்துவிட்டார்கள். அதிகாரி குனிந்து எலியைப் பார்த்தார். எலி அதிகாரியைப் பார்த்தது.

"இதுவா?"

"இதேதான் சார்," என்றாள் எலியக்கா.

"வெறும் எலியைப் பார்த்து என்ன தெரியப்போகுது சார்?" என்று மேடம் கையைத் தட்டினார். "ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உங்க கண் முன்னாலேயே ஹீமோகுளோபின் அளக்கிற மெஷின்ல விட்டுடுவோம்!"

எலியக்கா எலியைக் கையால் மறைத்தாள். "மேடம், அது கொஞ்சம் களைப்பா இருக்கு..."

"நீ கத்தினது வெளிய வரைக்கும் கேட்டுச்சே, உன்னைக் கடிச்சுதுதானே? நல்ல தெம்பாத்தான் இருக்கு. எடு!"

அண்ணனின் வாலைப் பிடித்தாள். சின்னக் குழாயை இடது கையில் வைத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வாலில் குத்தினாள். வழக்கமாகக் கெஞ்சினாலும் சொட்டு விடாத வால். இன்றைக்குக் குழாய் மளமளவென்று நிரம்பிவிட்டது. கெட்ட நேரம் வந்தால் எலிகூடத் தாராளமாக இருக்கும்போல என்று நொந்துகொண்டாள்.

மெஷின்காரர் குழாயை வாங்கிக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்கள். எலியக்கா மட்டும் வாசல் கதவைப் பார்த்தாள். வேறு வேலை தேட வேண்டும், மாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது.

"ஏறுதே!" என்று மேடம் கத்தினார்.

திரையில், சிசு ஹீமோகுளோபின் தெரிய வேண்டிய இடத்தில், ஒரு கோடு கிடுகிடுவென்று மேலே போனது.

"அணையவே இல்ல! கொழுந்துவிட்டு எரியுது! சார், போன வாரம் மினுக்கினது இப்ப எப்படி எரியுது பாருங்க!" மேடம் எலியக்காவைக் கட்டிப் பிடித்துக் குதித்தார். அதிகாரியும் ஒரு சின்னக் குதி குதித்தார்.

"எலி அறை இருக்கட்டும். இன்னொரு அறையும் தரச் சொல்றேன்!"

எலியக்கா திரையையும் எலியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜீனே இல்லாத எலியில் ஜீன் எரிகிறதா?

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கலைந்த தலையும் ஒற்றைச் செருப்புமாகக் கணவன் நின்றான். கையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா.

"இந்தா, உன் கடைக்குட்டி. உயிரோட இருக்கு. அம்மாதான் இன்னும் கட்டில விட்டு இறங்கல."

டப்பாவுக்குள், வலது காதில் பழைய ஓட்டையோடு கடைக்குட்டி மூக்கை ஆட்டியது.

இனி மறைத்து என்ன பயன்? எலியக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். திறந்த கூண்டு, அண்ணன், காது, எதையும் விடவில்லை. கொட்டி முடித்ததும் அழுகை வந்தது. மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அதிகாரியின் முகம் கடுத்தது. "அந்த எலியில ஜீனே இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப இந்த மெஷினும் பொய், உங்க ஆராய்ச்சியும் பொய். அறையைப் பூட்டிட வேண்டியதுதான்."

"மெஷின் பொய் சொல்லாதுங்க," என்றார் மெஷின்காரர். இத்தனை கூத்திலும் அவர் திரையை விட்டுத் திரும்பவில்லை. "பெரியவங்க ஹீமோகுளோபினும் இதுல நிறைய இருக்கு. எலியோடது இல்ல, மனுஷங்களோடது. அதை நாம எந்த எலிக்குள்ளயும் வைக்கவே இல்லியே."

மெஷின்காரர் மெல்லத் திரும்பி, எலியக்காவின் இடது கையை, கையுறைக் கிழிசலை, அதிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்த கட்டைவிரலைப் பார்த்தார்.

"எலியக்கா, அந்த விரலைத் துடைச்சிடாதீங்க, இன்னொரு சொட்டு வேணும்... வளர்ந்தும் சிசு ஜீன் அணையாத ஆளு நீங்கதான்!"