மூன்றாம் பாடம்: வீட்டுக்குள் நுழைதல்

சங்கரன்கோவில்,
ஜய வருஷம், ஆனி மாதக் கடைசி.

தூத்துக்குடியில் உப்பளமும் குடும்பமுமாகச் சீரோடு விளங்கும் என் அருமை அத்தான் குருசாமி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் வெள்ளைத்துரை கைகூப்பி எழுதிக்கொள்வது.

கோமதியம்பாள் கிருபையால் இவ்விடம் மாடு சௌக்கியம், கிணற்றுத் தண்ணீர் சௌக்கியம், என் மூட்டுவலிகூட இந்த மாதம் சௌக்கியம். மனிதர்கள் சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு தாங்களே தீர்மானித்து எனக்கு எழுத வேண்டும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காளுக்கு இரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தாலும் இதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம். உப்பளத்துக்கு எடுத்துப் போய், பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் படியுங்கள்.

நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, ஈசிச்சேரும் விசிறியுமாகச் சிவனே என்று கிடந்தது தங்களுக்குத் தெரியும். போன மாசியில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் புதிதாக வந்திருக்கும் அபிவிருத்தி ஆபீசர். பட்டணத்து மனிதர், நல்ல மனிதர், வெயில் பழக்கம் இல்லாதவர். சர்க்கார் கிராமம் கிராமமாகச் சேவகர்களை அனுப்பப் போகிறதாம். விவசாயம், சுகாதாரம், புகையில்லாத அடுப்பு எல்லாம் அவர்கள்தான் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். அந்தப் பையன்களுக்கு முதலில் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமே, அதற்குப் பாடத்திட்டம் எழுதித் தாருங்கள் என்றார். ஆயுளில் பாதியைப் பாடக்குறிப்பு எழுதியே கழித்தவன் நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, ஊதினவர் ஆபீசர், சங்கு நான்.

முதல் பாடம் உரக்குழி, இரண்டாம் பாடம் நாற்றங்கால். இரண்டும் குற்றமில்லை. மூன்றாம் பாடம்தான் ‘வீட்டுக்குள் நுழைதல்’. ஆபீசர் ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்தைக் காட்டி, “வந்த காரியத்தை எடுத்தவுடனே போட்டு உடைக்கக் கூடாது சார். முதல்ல மனசு பழகணும்” என்றார். அதற்கென்ன, மரியாதையுள்ள மனுஷன் ஒரு வீட்டுக்கு எப்படிப் போவானோ அப்படியே எழுதிவிட்டேன். முன்கூட்டி ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி கட்டி, ஒற்றைப்படையில் ஐந்து பேராக, ஒரு பெரியவரை முன்னிட்டுப் போக வேண்டும். வெறுங்கையோடு போகலாகாது, ஒரு தாம்பாளத்தில் வெண்டை விதையும் கத்தரி விதையும் வைத்து, அவை மட்டும் இருந்தால் பார்க்க மூளியாக இருக்குமே என்று நாலு பழமும் ஒரு தேங்காயும் வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் நிலம் எவ்வளவு, கிணறு உண்டா, மாடு எத்தனை, குடும்பத்தில் யாருக்கேனும் நீடித்த சீக்கு உண்டா என்று நயமாக விசாரிக்க வேண்டும். வீட்டுப் பெண்பிள்ளைகள் எழுதப் படிக்க அறிந்தவர்களா என்று கேட்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் வாங்கி, கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, கலங்கலா தெளிவா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டார் எது கொடுத்தாலும் மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தான், இப்போது தங்களுக்கு என்ன தோன்றுகிறது? சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

தங்கள் குமாரன், நம் மாப்பிள்ளை துரைப்பாண்டி, என் வீட்டில் தங்கித்தான் இந்தப் பயிற்சியில் படிக்கிறான் என்பதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. என் மகள் கோமதித்தாய்க்குத் தொட்டில் கட்டின அன்றே, “இவ என் மருமவ, வேற எவனும் கேட்டு வரக்கூடாது” என்று அக்காள் சொன்ன சொல்லையும் நான் மறக்கவில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் நான் மகளுக்கு வேறு இடமே பார்க்காமல் இருக்கிறேன்.

செய்முறைப் பயிற்சிக்குப் பனவடலிசத்திரத்தில் காசிராஜன் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். நம்மாட்கள்தான், தூரத்துச் சொந்தம், கண்ணியமான சம்சாரி. “புதன்கிழமை காலையில் வருகிறோம், பொம்பளைப் பிள்ளைகளும் வீட்டிலே இருக்கட்டும்” என்று நானே ஆள் விட்டுச் சொன்னேன். சுகாதாரப் பாடத்துக்குப் பெண்கள் இல்லாமல் எப்படி? போய் இறங்கினால் வாசலில் மாக்கோலம். ஜனங்களுக்குத்தான் என்ன ஆர்வம் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. பெரியவன் என்று முன்னால் போனது நான். துரைப்பாண்டிதான் கேள்வி கேட்கும் சேவகன். மற்ற மூவரும் பார்த்துப் படிக்க வந்தவர்கள்.

அவன் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு படி தப்பவில்லை. காசிராஜனும் பட்பட்டென்று பதில் சொன்னார். “சீக்கா? எங்க வம்சத்துல தலவலின்னு ஒருத்தன் படுத்தது கெடயாது அண்ணாச்சி. விசாரிச்சுப் பாத்துக்கிடுங்க” என்றார். தண்ணீர் கேட்டோம். காசிராஜன் மகள் வள்ளித்தாய் பட்டுப்பாவாடையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாகத் தம்ளரோடு வந்தாள். துரைப்பாண்டி தம்ளரைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தான். தண்ணீரைப் பார்க்கிறான் என்று நான் நினைத்தேன். தம்ளருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிறான் என்று அந்த வீட்டார் நினைத்தார்கள். “எப்படி இருக்கு?” என்று நான் கேட்டேன். “ரொம்பத் தெளிவா இருக்கு மாமா” என்றான். காசிராஜனுக்கு முகமெல்லாம் பல்.

அப்புறம் அவர் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். “மாமன் முறைக்கு நீங்க சொல்லணும் அண்ணாச்சி, சந்தோசந்தான?” என்று என்னைக் கேட்டார். தண்ணீர் தெளிவாக இருப்பதில் எனக்கென்ன வருத்தம்? “பரம சந்தோஷம்” என்றேன். துரைப்பாண்டி இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். உள்ளே இருந்து குலவைச் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் அதற்கும் சேர்த்துக் கை தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர் என்று எண்ணி அவருக்கு மாலை போட்டார்கள். அவர் உணர்ச்சிவசப்பட்டுப் பிரசங்கம் செய்தார். “இந்த வீட்டோடு நாங்க இன்னைக்குத் தொடங்கின உறவு, ஐந்தாண்டுத் திட்டத்தோட முடிஞ்சு போகாது. பாதி நீங்க போடுங்க, பாதி சர்க்கார் போடும்!” என்றார். அவர் சொன்னது புகையில்லாத அடுப்புச் செலவை. காசிராஜன் என் காதோரம் குனிந்து, “கலியாணச் செலவுல சர்க்கார் பாதியா! சுதந்திரம்னா இதுல்லா சுதந்திரம். ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்துலயே வச்சுக்கிடுவோம்” என்றார். அப்போதுதான் அத்தான், எனக்கு வியர்த்தது.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். திறந்தேன். அதற்குள் ஒரு கை லட்டை வைத்து அடைத்துவிட்டது. விழுங்கி முடிப்பதற்குள் ஊரே கூடிவிட்டது. வெற்றிலை மாற்றின பிறகு மாப்பிள்ளை வீடு பின்வாங்கினால் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வரும் என்று தங்களுக்கும் தெரியும். வள்ளித்தாய் என்ன பாவம் செய்தாள்? தண்ணீர் கேட்டோம், கொடுத்தாள். ஆனால் என் மகள் மட்டும் என்ன பாவம் செய்தாள்? பெற்ற தகப்பனே பாடம் எழுதி, முறை மாப்பிள்ளையை அடுத்த வீட்டுக்கு நடத்திப் போய் ஒப்படைத்துவிட்டு வந்த அநியாயம் எந்த ஊரிலாவது உண்டா? வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ, “பாடம் நல்லா நடந்ததாப்பா?” என்று கேட்டுவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டாள். பாவம், தெரியாத பிள்ளை.

இனி யாருக்கும் இந்தக் கதி நேரக்கூடாது என்று பாடத்தைத் திருத்தினேன். ‘எதையும் வாங்கக் கூடாது’ என்று மாற்றி எழுதி மேலநீலிதநல்லூருக்கு அனுப்பினேன். பையன்கள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்காரர், “தண்ணி வாங்காம போறான்னா நம்மளப் பத்தி எவனோ கோள் சொல்லியிருக்கான்லே!” என்றார். கோள் சொன்னது தன் சித்தப்பா மகன்தான் என்று முடிவுகட்டி, கம்பை எடுத்துக்கொண்டு அவனோடு சண்டைக்குப் போய்விட்டார். சரி, ஒளிவுமறைவே வேண்டாம், வாசலிலேயே காரியத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மறுபடி திருத்தினேன். தங்கப்பழம் என்கிற பையன் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டு வாசலில் நின்று, “உங்க வீட்டுல சொறி சிரங்கு யார் யாருக்கு இருக்கு?” என்று உரக்கக் கேட்டிருக்கிறான். உள்ளே அசல் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கப்பழம் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

ஆபீசருக்கோ பழைய பாடம்தான் பிடித்திருக்கிறது. பனவடலிசத்திரத்தில் கண்ட ஒத்துழைப்பு வேறெங்கும் காணோமாம், மூன்றாம் பாடத்தை மாற்றவே கூடாதாம். பையன்களும் மற்றப் பாடங்களை விட்டுவிட்டு மூன்றாம் பாடத்துக்கே இன்னும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். எது சரியென்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆகவே அத்தான், தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும். துரைப்பாண்டியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாத்தியார் சொன்னதைச் செய்தான். அவன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் அடிக்கடி தனியே சிரிக்கிறான். அதிர்ச்சியில் இப்படி ஆகும் என்று வைத்தியர் சொல்கிறார். தாங்கள் வந்து காசிராஜனிடம் பேசி, இரண்டு பெண்களுக்கும் குறைவு வராமல் எதையாவது செய்ய வேண்டும். என்ன செய்ய முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள். அக்காளைக் கூட்டி வர வேண்டாம். வந்துதான் தீருவேன் என்றால் விளக்குமாறு இல்லாமல் வரச் சொல்லுங்கள்.

சங்கரநாராயணர் தங்கள் குடும்பத்தையும் உப்பையும் மழையிலிருந்து காத்து ரட்சிப்பாராக. அக்காளுக்கு என் பயங்கலந்த வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
வெள்ளைத்துரை

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள். கவரை ஒட்டப் போகும்போது துரைப்பாண்டியும் கோமதித்தாயும் எதிரே வந்து நின்றார்கள். அவனிடம், “மக்கா, நீ கவலப்படாத, அப்பாவுக்கு எழுதிட்டேன்” என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “மாமா, வெத்தலத் தட்ட வாங்குனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன சீமையிலயா பிறந்தேன்? தெரிஞ்சுதான் வாங்குனேன்” என்றான். வள்ளித்தாயும் என் மகளும் ஒரே பெஞ்சில் படித்தவர்களாம். போன ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இவள்தான் அந்தப் பெண்ணை அவனுக்குக் காட்டிக் கொடுத்தாளாம். காசிராஜன் வீட்டுக்கே போகலாம் என்று யோசனை சொன்னதும் இவளேதான் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏட்டி, அப்போ ஒனக்கு?” என்று கத்திவிட்டேன். கிராம சேவிகா பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் போகிறேன் என்று நிதானமாகச் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். “நீங்க என்கிட்டக் கேட்டீகளாப்பா? ஊர்ல இருக்க அம்புட்டு வீட்டுக்கும் போய் நயமா விசாரிக்கணும்னு பாடம் எழுதுதீக. இந்த வீட்டுக்குள்ள என்னிக்காவது நுழைஞ்சு, ‘ஒனக்கு என்னம்மா வேணும்’னு என்னைய விசாரிச்சீகளா?” என்றாள்.

அத்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈசிச்சேரை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் சொல்லி முடியவில்லை. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. தாங்கள் அக்காளையும் கூட்டிக்கொண்டு, கலியாண நாள் குறிக்க நேரே பனவடலிசத்திரத்துக்கு வந்து சேருங்கள்.