மாப்பிள்ளை காரும் என் பந்தய ஸ்டியரிங்கும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேலையூரிலிருந்து மேடவாக்கம் ஆபீஸுக்கு எட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு தண்ணீர் லாரியைக்கூட முந்தியதில்லை. லாரி சிந்துகிற தண்ணீரில் என் காரின் மூக்கு தினமும் இலவசமாகக் குளிக்கும். அப்பேர்ப்பட்ட நான், நாற்பத்தொன்பதாவது வயதில், என் ஆட்டோமேட்டிக் காருக்குப் பந்தயக் கார் ஸ்டியரிங்கும் பேடில் ஷிஃப்டரும் மாட்டினேன்.

பேடில் ஷிஃப்டர் என்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பட்டைகள். வலது காதைத் தட்டினால் கியர் ஏறும், இடது காதைத் தட்டினால் இறங்கும். (“தானா கியர் மாத்திக்கிற வண்டிக்கு அது எதுக்கு?” என்று என் மனைவி சுமதி கேட்டாள். நல்ல கேள்வி. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.)

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்காரர்தான் மாட்டிக்கொடுத்தார்.

“சார், இந்த வளையத்த இழுத்தா ஸ்டியரிங்கு அப்டியே கையோட வந்துடும். ரேஸ் வண்டில இப்டித்தான்.”

“எதுக்குண்ணே கையோட வரணும்?”

“திருடன் வந்தா இன்னா பண்ணுவான்? வண்டி கீது, ஸ்டியரிங்கு இல்ல. பேஜாராயிடுவான்ல?”

எனக்குப் புல்லரித்தது. (எட்டு வருஷத்தில் என் காரை ஒரு திருடன்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.)

“ஒண்ணே ஒண்ணு சார். உள்ள சுச்சு கீது. ஈரம் படாம பாத்துக்க.”

மண்டையை ஆட்டினேன். நேராக வீட்டுக்கு வந்து பூஜை போட்டேன். புது சாமானுக்குச் சந்தனம் வைக்காமல் ஓட்ட முடியுமா? “சின்னதா ஒரு பொட்டு போதும்” என்றாள் சுமதி. நான் யார்? பன்னீர் ஊற்றிக் குழைத்து, நடுவிலிருந்த ஹாரன் பட்டனில் ஒரு அப்பு, வலது காதில் ஒரு அப்பு, இடது காதில் ஒரு அப்பு, அதன்மேல் குங்குமம். மிச்சமிருந்த பன்னீரையும் தெளித்தேன். சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே போய், பங்குனி வெயிலில் சிமெண்ட் மாதிரி இறுகியது எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து கிழக்குத் தாம்பரம் மண்டபம் வரை மூன்று தெரு. “தாய்மாமன் கார்லதான் மாப்பிள்ளை வரணும்” என்று அடம்பிடித்தது நான்தான். அக்கா வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“மச்சான், நாலரைக்கு ராகு காலம். சம்பந்தி இந்த விஷயத்துல ரொம்பக் கறார். அதுக்குள்ள மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள காலெடுத்து வைக்கணும். இல்லன்னா ஆறு மணி வரைக்கும் தெருவுலதான்.”

“மாமா, இது பந்தய வண்டி” என்றேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் நாதஸ்வரம், தவில். பின் சீட்டில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. பக்கத்தில் நடந்து வந்தவர் அவருடைய அப்பா. யாரோ ஸ்டியரிங்கில் மல்லிகைப்பூவும் சுற்றிவிட்டிருந்தார்கள். வேகம், மணிக்கு இரண்டு கிலோமீட்டர். முதல் கியரே அதிகம். ஆனால் மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

“இப்பப் பாருங்க” என்று வலது காதைத் தட்டினேன். உள்ளே போன காது திரும்பி வரவில்லை. வண்டிக்குக் குழப்பம். டிங் டிங் என்று புலம்பிவிட்டு நியூட்ரலில் போய் உட்கார்ந்துகொண்டது. லீவரை இப்படித் தள்ளினேன், அப்படித் தள்ளினேன். அசையவில்லை. மேளம் மட்டும் என்னை விட்டுவிட்டு நடையைக் கட்டியது. அவர்களை நிறுத்த ஹாரனை அழுத்தினேன்.

அதுவும் உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

பாஆஆஆஆ!

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது, ஹாரன் நிற்கவில்லை. இரண்டு பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். நாதஸ்வரக்காரர் திரும்பி வந்து, ஜன்னலில் குனிந்து, வருத்தத்தோடு சொன்னார்: “சார், உங்க ஹாரன் நம்ம சுதிக்கு அரைக்கட்டை தள்ளி கீது.”

“நான் இறங்கி நடந்துரட்டுமா அங்கிள்?” என்றார் மாப்பிள்ளை.

“இறங்காதே!” என்று அவர் அப்பா போட்ட சத்தத்தில் ஹாரனே ஒரு நொடி அடங்கியது போலிருந்தது. “மண்டபத்து வாசல்ல ஆரத்தி எடுத்தப்புறம்தான் கால் தரையில படணும்!”

மணி நாலு பன்னிரண்டு. என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஹாரனை நிறுத்தியே ஆகவேண்டும் என்று பட்டனைக் குத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன். இழுத்தது அந்த வளையத்தை.

சத்தம் சட்டென்று நின்றது. ஸ்டியரிங் என் மடியில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: “அங்கிள்... அது கழண்டு வரலாமா?”

“அது அப்படித்தான் தம்பி. ரேஸ் வண்டி” என்றேன். (குரல் மட்டும் என்னுடையதாக இல்லை.)

அக்கா வீட்டுக்காரர் ஓடி வந்தார். என் மடியைப் பார்த்தார். பிறகு, “தள்ளுங்கடா!” என்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார்.

தள்ளினால் திருப்ப ஸ்டியரிங் வேண்டும். மாட்டினேன். பாஆஆ! கழற்றினேன். அமைதி, ஆனால் வண்டி சாக்கடையைப் பார்த்துப் போனது. பிரேக்! மாட்டினேன். பாஆஆ! ஆக, நேரான தெருவில் அமைதி, திருப்பத்தில் அலறல் என்று ஒரு முறை வகுத்துக்கொண்டோம். வேட்டியை மடித்துக் கட்டிய பத்துப் பேர் தள்ள, நான் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி வந்தேன். இரண்டாவது திருப்பத்தில் தலைகீழாக மாட்டிவிட்டேன். நாதஸ்வரக்காரர் நல்ல மனுஷன். அரைக்கட்டை ஏற்றிக்கொண்டு என் ஹாரனோடு சேர்ந்து வாசித்தார்.

நாலு இருபத்தாறுக்கு மண்டப வாசல். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். கடைசித் தடவையாகக் கழற்றினேன். ஆரத்தி சுற்றினார்கள். மாப்பிள்ளை வலது காலை உள்ளே வைத்தார். மணி நாலு இருபத்தொன்பது. சம்பந்தி வாட்சைப் பார்த்து மூச்சு விட்டார். நான் எப்படி இறங்கினேன், எதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன் என்பதே தெரியவில்லை.

“வாசலை மறைக்காதீங்க! சீர்த் தட்டு வெச்சிருக்கவங்கல்லாம் இந்தப் பக்கம்!” என்று ஓர் அம்மாள் விரட்டினார். எனக்கு முன்னால் பழத்தட்டோடு சுமதி, பின்னால் தேங்காய்த் தட்டோடு யாரோ. நானும் வரிசையோடு வரிசையாக மேடைக்குப் போனேன். அங்கே ஒருவர், சந்தனம், குங்குமம், மல்லிகைப்பூ எல்லாம் இருந்த அந்த வட்டத்தை என் கையிலிருந்து பயபக்தியோடு வாங்கி, ஆப்பிளுக்கும் அன்னாசிக்கும் நடுவில் வைத்தார். தாய்மாமன் சீர். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முகூர்த்தம் முடியும்வரை அது அங்கேயேதான் இருந்தது. ஆல்பத்தில் ஒன்பது போட்டோவில் இருக்கிறது. என் முகம் நாலில்தான்.

மறுநாளே பழைய ஸ்டியரிங்கை மாட்டிவிட்டேன். பந்தய ஸ்டியரிங்கைத் திருப்பிக் கேட்டபோது சம்பந்தி மறுத்துவிட்டார். “சீரா வந்ததை எப்படிங்க திருப்பிக் கொடுக்கறது?” கூடுவாஞ்சேரியில் அவர்கள் வீட்டு ஹாலில், டீவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையின் கையில் வேட்டி சட்டையைக் கொடுத்தேன். அவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “அங்கிள், மிச்ச வண்டி எப்ப வரும்?”

அதிலிருந்து அந்த வீட்டுக்கு நான் எப்போது போனாலும், கதவைத் திறக்கிறவர்கள் முதலில் என் கையைப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் ‘வாங்க’ என்கிறார்கள்.