பிடித்ததைத் திருப்பிக் கொடுத்த சர்க்கார்

உலகத்தில் எத்தனையோ சர்க்கார்கள் ஆண்டு மறைந்திருக்கின்றன. வரி கேட்ட சர்க்கார் உண்டு, வணக்கம் கேட்ட சர்க்கார் உண்டு. ஆனால் "எங்களை ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள்?" என்று மனம் நொந்து கேட்ட சர்க்கார், மலாக்காவை ஆண்ட ஜப்பானியச் சர்க்கார் ஒன்றுதான். கேட்டதோடு நிற்கவில்லை. அதற்கென்றே 'நம்பிக்கை மீட்பு இலாகா' என்று ஒன்றைத் திறந்தும் வைத்தது.

மலாக்காவின் காஜா பெராங் என்ற ஊர் மக்களின் நடத்தை அப்படி இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லோரியில் அள்ளிக்கொண்டு போனதிலிருந்து, லோரிச் சத்தம் கேட்டாலே மிச்சமிருந்தவர்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடினார்கள். ஆசையோடு ஏற்றிப் போக வந்த சர்க்காருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்!

இலாகாவின் மொழிபெயர்ப்பாளராக மாணிக்கவாசகம் நியமனம் பெற்றார். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. துரை கப்பலேறியதும் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்து, குனிவதில் முதலாவதாகவும் பேசுவதில் சுமாராகவும் தேறியவர். உத்தியோகத்துக்குக் கூலி, அரிசி. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தில் சோறு தின்கிறவருக்குச் சர்க்கார்மேல் நம்பிக்கை வராமல் என்ன செய்யும்?

முதல் கூட்டத்தில் மொரிதா என்ற அதிகாரி மரப்பெட்டிமேல் ஏறி நின்றார்.

"நம்புகிறவன்தான் குறை சொல்வான். சொல்லுங்கள்!"

ஊர் தரையைப் பார்த்தது. மொரிதா வாளைப் பாதி உருவிக்கொண்டு, 'அன்போடு' மறுபடியும் கேட்டார். ஊர் இன்னும் ஆழமாகத் தரையைப் பார்த்தது.

அவர் மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பினார். "நாளைக்குள் ஒரு குறை வரவேண்டும். வராவிட்டால் ஒரு தலை குறையும்."

எந்தத் தலை என்று மாணிக்கவாசகம் கேட்கவில்லை. சாலையோரம் அவித்த கிழங்கு விற்கும் பூங்காவனத்திடம் ஓடினார்.

"ஏம்மா, ஏதாச்சும் ஒரு குறை சொல்லும்மா."

"எங்க ஊட்டுக்காரர சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போனாங்களே, கிராணி ஐயா…"

"ஐயையோ, அவ்வளவு பெருசு வேணாம். சின்னதா, அதிகாரி மனசு நோகாத மாதிரி."

அவள் யோசித்தாள். "போன வாரம் ஒரு சிப்பாயி என் கோழியப் புடிச்சிட்டுப் போயிட்டான்."

"கோழி! அதாம்மா குறை!" மாணிக்கவாசகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த வாரமே விழா நடந்தது. கொடி ஏறியது, ஊதுகுழல் முழங்கியது. மொரிதா இரு கைகளாலும் கோழியை நீட்டினார்.

"என் கோழி வெள்ளைங்க. இது கறுப்பா இருக்கே" என்றாள் பூங்காவனம்.

"சண்டைக் காலம்மா. எல்லாந்தான் கறுத்துப் போச்சு. குனிஞ்சு வாங்கிக்க" என்றார் மாணிக்கவாசகம் பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாளே பக்கத்து வீட்டு மரியம் இலாகாவுக்கு வந்தாள். "அந்தக் கறுப்புக் கோழி எங்களுது! நேத்து விடியக் காலையில சிப்பாய் வந்து தூக்கிட்டுப் போனானே, யா அல்லா!"

மொரிதா பூரித்துப் போனார். கேட்காமலே குறை வந்துவிட்டது! உடனே மரியத்துக்கும் ஒரு கோழி வழங்கப்பட்டது. அது, ஊருக்குள்ளேயே மலாய் பேசும் தமிழர் வாழ்ந்த செட்டிக் கம்பத்துப் பொன்னுதுரையின் கோழி. அவர் மலாயில் முறையிட்டார்; அவருக்கும் ஒன்று வந்தது. இப்படி நம்பிக்கை வீடு வீடாகப் பரவியது. கணக்குப்படி ஊரில் குறைந்தது, சிப்பாய் தின்ற அந்த ஒரே கோழிதான். அந்தக் குறையையும் எந்த ஒரு வீட்டிலும் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டது சர்க்கார்.

இதையெல்லாம் கவனித்த பூங்காவனம் ஒரு நாள் கிழங்குக் கூடையோடு இலாகாவுக்கு வந்து நின்றாள்.

"கோழியத் திருப்பிக் குடுத்தீங்க. ஊட்டுக்காரரையும் சயாம்லேருந்து திருப்பிக் குடுங்க."

அதிகாரியின் நலம் விசாரிக்கிறாள் என்று மாணிக்கவாசகம் மாற்றிச் சொல்லிப் பார்த்தார். 'சயாம்' என்ற சொல் மொரிதாவின் காதில் விழுந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அதற்கென்ன?" என்றார் மொரிதா. "உயரம் எவ்வளவு?"

அடுத்த விழாவில் ஓர் ஆள் கழுத்தில் மாலையோடு நின்றான். 'பத்து பெரெண்டாம்' என்ற இடத்து விமானத்தளத்தில் மண் சுமந்துகொண்டிருந்த தியாகு. உயரம் சரியாக இருந்தது. மொரிதாவின் கை வாளின் பிடியில் இருந்தது.

"உன் புருஷன்தானே?"

பூங்காவனம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அவருதாங்க. கொஞ்சம் இளைச்சிட்டாரு."

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கிழங்கும் உப்பும் வைத்தாள். "உங்க வீடு எங்கண்ணே?"

"செங் பக்கம், தங்கச்சி."

"அண்ணி தேடுவாங்க. பின்னால ரப்பர்க் காடு இருக்கு. போயிடுங்க."

அவன் போன பிறகுதான் அழுதாள்.

இப்போது விமானத்தளத்துக் காவல் அதிகாரி குறை சொன்னார்: ஓர் ஆள் குறைகிறதாம். தன்னவர், பிறர் என்று பேதம் பாராத சர்க்கார் அல்லவா? மொரிதா அறையைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்திலேயே, சோறு தின்று தெம்பாக, குனிந்த நிலையில் ஓர் ஆள் இருந்தார். உத்தரவை மொழிபெயர்க்கச் சொன்னார். மாணிக்கவாசகம் அதைத் தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டார். தமிழில் கேட்ட பிறகுதான் ஊர் ஏன் ஓடுகிறது என்று அவருக்கு விளங்கியது. அதற்குள் அவரை ஏற்றிய லோரி கிளம்பிவிட்டது.

சர்க்கார் அத்தோடு விட்டுவிடவில்லை. மொரிதா புது மொழிபெயர்ப்பாளரோடு மாணிக்கவாசகத்தின் மனைவி சந்திரமதியைத் தேடி வந்தார்.

"குறை இருந்தால் சொல்லம்மா. இந்த வாரமே ஓர் ஆளைக் கொண்டுவந்து தருகிறோம்."

அவள் தெருவைப் பார்த்தாள். எதிரே, ஏறத்தாழ அவள் கணவரின் உயரமே இருந்த பொன்னுதுரை, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குறை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

'காஜா பெராங்கில் நம்பிக்கை முழுமையாக மீட்கப்பட்டது' என்று மொரிதா மேலிடத்துக்குத் தெரிவித்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தச் சர்க்கார் சொன்னதைச் செய்தே தீரும் என்று சந்திரமதி முழுக்க முழுக்க நம்பினாள். அதனால்தான் அவள் வாயைத் திறக்கவில்லை.